ஆணியில் இல்லாத உத்தரியம்

திருநாள் மலருக்கு ஆளுக்கொரு சாட்சியம் எழுதித் தரவேண்டும் என்று எங்கள் தொலைபேசிக் குழுவில் செய்தி போட்டவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். முதல்நன்மை அன்று மெழுகுதிரியில் தன் தலையில் போட்ட நெற்றைப் பற்றவைத்துக்கொண்டு கோயிலே அதிரக் கத்தினாளே, அவள்தான். இப்போது ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்கள் எல்லோருக்கும் தலைவி. தலைப்பையும் அவளே தந்துவிட்டாள். துன்ப நேரத்தில் கடவுள் என்னைத் தாங்கிய நாள்.

நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். வாசித்தேன். ஒருவருக்கு இருதயச் சத்திரசிகிச்சை. ஒருவருக்குப் பண்ணைப் பாலத்தில் பஸ் சறுக்கியும் தப்பிய கதை. பாரிசில் இருப்பவருக்கு மூன்று தரம் மறுத்த விசா நாலாம் தரம் கிடைத்தது. எல்லாவற்றிலும் கடவுள் நேரத்துக்கு வந்திருக்கிறார். நல்லது, சந்தோஷம்.

நான் மட்டும் தரவில்லை. அவள் மூன்று முறை எழுதிக் கேட்டாள். நாலாம் முறை குரலாகவே அனுப்பினாள். "எடியே, நீ ஒருத்திதான் மிச்சம். உனக்கு எழுத ஒண்டுமில்லையெண்டா உன்ரை அம்மாவைப் பற்றி எழுதன். அவவின்ரை விசுவாசம் ஆருக்கடி வரும்? அண்டைக்குக் கோயில் கிராதியிலை அவ செய்ததை நினைச்சா எனக்கு இப்பவும் கண்ணீர் வரும்."

சரி, அம்மாவைப் பற்றியே எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

பத்துப் பேர் நாங்கள் அந்த வருடம் முதல் நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுத்தோம். எனக்கு ஒன்பது வயது. ஊர்காவற்றுறையில் இருந்து மேற்கே போகும் கரையோரம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்றுத் தொடங்கினால் கரை முழுவதும் சாதாளைப் பாசி ஒதுங்கி அழுகி, கோயிலுக்குள்ளும் அந்த மணம்தான். கன்னியாஸ்திரி எங்களுக்குச் சொன்ன கதை மறந்திருக்க மாட்டீர்கள். நன்மை அப்பத்தைப் பல்லால் கடித்த ஒரு பிள்ளையின் வாய் நிறைய இரத்தம் வந்து வெள்ளைச் சட்டையெல்லாம் நனைந்த கதை. நாங்கள் சிரித்தோம் என்று இப்போது யாராவது சொன்னால் பொய். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பத்தை நாக்கில் வைத்துக் கரைய விடுவது எப்படி என்று, தேங்காய்ச் சொட்டை மெல்லிசாகச் சீவி ஒரு கிழமை பழகினோம்.

அன்று என் வாய் காய்ந்து கிடந்தது. அப்பம் அண்ணத்தில் ஒட்டிவிட்டது. நாக்கால் தட்டினேன், அசையவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டு நீங்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தீர்கள். நான் நாக்கால் உந்தி உந்தி எடுக்க, அது மடிந்து பல்லுக்குள் போய், நான் கடித்துவிட்டேன். சத்தம் எனக்குக் கேட்டது. இரத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் பணிசும் தேத்தண்ணியும் தந்தபோது கோப்பையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரத்தம் வராதது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. வெளியே வராத தண்டனை வேறெங்கோ சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் எண்ணினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் சுவாமியாரின் காதை மறந்துவிட்டீர்களா? அவருக்குக் காது மந்தம். மெல்லச் சொன்னால் "ஆ?" என்று கேட்பார். உரக்கச் சொன்னால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் உரக்கச் சொல்லக்கூடிய பாவங்களை மட்டுமே செய்தோம். பொய் சொன்னேன். சீனி களவெடுத்தேன். தாய்தகப்பனுக்கு எதிர்த்துக் கதைத்தேன். நற்கருணையைக் கடித்தேன் என்று அந்தக் காதுக்குள் கத்த எனக்குத் துணிவு வரவில்லை.

இனி உத்தரியத்துக்கு வருகிறேன். கபில நிறக் கம்பளித் துண்டுகள் இரண்டை நாடாவில் கோத்துக் கழுத்தில் போடுவது. ஒரு துண்டு நெஞ்சில், மற்றது முதுகில். அதைப் போட்டபடி சாகிறவனுக்கு நரக நெருப்பில்லை என்று கன்னியாஸ்திரி சொல்லித் தந்தா. அதைப் போட்டிருக்கிறவனைக் கடல் கொள்ளாது என்று எங்கள் கரை சொன்னது. இரண்டாவது எந்த ஞானோபதேசத்திலும் இல்லை. ஆனாலும் எங்கள் ஆம்பிளைகள் அதைத்தான் கூடுதலாக நம்பினார்கள். உத்தரியம் இல்லாமல் ஒருவரும் வள்ளம் தள்ளியதில்லை. பிள்ளைகளுக்கு உத்தரிய மாதா திருநாளில்தான் சுவாமியார் போட்டுவிடுவார். முதல்நன்மை முடிந்து அதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் செத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் முழுக் கவலையும்.

அப்பாவின் உத்தரியம் உப்பில் ஊறி மட்டைபோல் விறைத்திருக்கும். ஒரு தரம் நாடா அறுந்தபோது, அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பச்சை வலைநூலால் அதைத் தைத்துக் கொடுத்திருந்தார். கடலால் வந்து கிணற்றடியில் முழுகும்போது அப்பா அதைக் கழற்றிக் குசினிக் கதவு நிலையில் இருந்த ஆணியில் கொழுவுவார். கடலுக்குப் போகும்போது எடுத்துப் போடுவார். மீனும் வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த மணம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா முழுகிச் சாப்பிட்டுப் படுத்திருந்தார். அம்மா குடத்தோடு நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போயிருந்தா. அது போக வர ஒரு மணித்தியாலம் எடுக்கும் தூரம். நான் கதிரையில் ஏறி ஆணியில் கிடந்த உத்தரியத்தை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா எழும்ப முன்னம் திருப்பிக் கொழுவிவிடலாம் என்ற எண்ணம்தான். நெஞ்சில் அது சொரசொரவென்று உரசியது. நரக பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. கடித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் மூச்சை முழுதாக விட்டேன்.

திடீரென்று காற்றுப் பிடித்தது. வேலிப் படலை அடித்துச் சாத்திக்கொண்டது. யாரோ கடற்கரையில் இருந்து அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். காலையில் போட்ட வலையைக் காற்று இழுத்துக்கொண்டு போகிறதாம். வழமையாகக் கூடப்போகும் மாமாவுக்கு அன்று காய்ச்சல், அடுத்த வளவில் போர்த்துக்கொண்டு கிடந்தார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து ஆணியைத் தடவினார்.

"பிள்ளை, எங்கை என்ரை உத்தரியம்?"

அது என் நெஞ்சில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார். நன்மையைக் கடித்ததைச் சொல்லவேண்டும்.

"அம்மா தோய்க்க எடுத்தவ" என்றேன்.

"இண்டைக்கெண்டு பாத்தே?" அவர் கோபிக்கவில்லை. ஆணியை இன்னொரு தரம் பார்த்தார். "சரி. மாதாவுக்கு என்னைத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நானும் படலைவரை ஓடினேன். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வள்ளம் தள்ள ஆட்கள் கூடி நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் சட்டைக்குள் இருந்து அதை இழுத்து எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து, முதல்நன்மைக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டிக்குள் அடியில் அதை வைத்து, நூலால் கட்டி அலுமாரிக்குக் கீழே தள்ளினேன். வெட்கம். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

அப்பா வரவில்லை. புதன்கிழமை எட்டு வள்ளங்கள் போய்த் தேடின. மாமா காய்ச்சலோடு போய் வாந்தி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வியாழக்கிழமை வள்ளம் காரைநகர்க் கரையில் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் இறைக்கிற பால்மாத் தகரப் பேணி முன்பக்க அணியத்தில் கட்டியபடியே இருந்தது. மாமா அதை அவிழ்த்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

கரைப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரியோடு வந்தார்கள். அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"ஏன் வாறியள்? இது செத்தவீடில்லை."

"எடி பிள்ளை, வள்ளம் கவிண்டெல்லோ கிடக்கு" என்றா கூட்டத்தில் வந்த ஒரு மாமி.

"வள்ளத்துக்குத்தான் உத்தரியம் இல்லை. அந்த மனிசன் போட்டிருக்கு. கோடிக்கரைப் பக்கம் ஒதுங்கியிருக்கும். எத்தினை பேர் அங்கை மறியலிலை கிடந்திட்டு வந்தவை? அழுகிறதெண்டா உங்கடை வீட்டிலை போய் அழுங்கோ."

அம்மா சொன்னது விசர்க்கதை இல்லை. காற்றோடு இந்தியக் கரைக்குப் போய், அங்கே சிறையில் மறியலிருந்து, மாதக் கணக்கில் கழித்துத் தாடியோடு வந்திறங்கியவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அதனால் பெண்கள் திரும்பிப் போனார்கள். அன்று பின்னேரம் செபமாலை முடிவில் அம்மாவே சொன்னா: "உத்தரியம் போட்டிருக்கிற என்ரை மனிசனைக் கரைசேரும் தாயே." நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அம்மா அந்தத் துண்டுக் கம்பளியில்தான் தன் முழுப் பாரத்தையும் தூக்கி வைத்திருக்கிறா என்பது எனக்கு விளங்கியது. அதை உருவி எடுத்தால் அம்மாவும் செத்துப்போவா என்று நினைத்தேன். ஆகவே வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது மாதா சுரூபத்துக்கு முன்னால் என் முதல்நன்மை மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அது சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்த மெழுகுதிரி. அம்மா கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து பெட்டியை இழுத்தேன். நூல் முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே, சப்பாத்துகளுக்கு அடியில், உத்தரியம் நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அம்மாவின் கண்ணில் படவில்லை. மாதா மறைத்துவிட்டா. நிலத்தில் விழுந்து நன்றி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கடவுளை முழு மனதோடு நம்பிய நாள் எது என்று கேட்டால் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன்.

அன்று பின்னேரம் செபமாலை முடிய அம்மா என் பக்கம் திரும்பினா.

"இனிமேல் அப்பாவுக்கான மன்றாட்டை நீ சொல்லு."

"என்னெண்டு சொல்லுறது?"

"நான் சொன்ன மாதிரித்தான். உத்தரியம் போட்டிருக்கிற எங்கடை அப்பாவை எண்டு."

சொன்னேன். அம்மா சுரூபத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா. குரல் சரியில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னா.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அதுதான். மத்தியானம் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பா. பின்னேரம் அதை எனக்கு முன்னால் தள்ளுவா. "அப்பாவின்ரை சோறு. வீணாக்காதை, தின்." காய்ந்த சோறும் உறைந்த சொதியும் தொண்டையில் நிற்கும். அம்மா தான் ஒரு நேரம் கஞ்சி மட்டும் குடித்தா. கை வளையல் முழங்கைவரை ஏறி இறங்கத் தொடங்கியது. அவ என்னை ஒரு நாளும் அடிக்கவில்லை, ஏசவில்லை. தலை வாரி இழுத்துவிட்டா, சட்டை தோய்த்துத் தந்தா. எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் அந்த வீடு இருந்தது. அதை நான் தகப்பனில்லாத வீட்டின் துக்கம் என்றே எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை தோறும் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போவா. மற்றப் பிள்ளைகள் மாதத்தில் ஒரு தரம்தான் போவார்கள். கோயில் வாசலில் தலை முட்டாக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் வெளியே வரும்போது என் முகத்தைப் பார்ப்பா.

"எல்லாம் சொன்னியே?"

"ஓம் அம்மா."

"ஒண்டும் விடேல்லையே?"

"இல்லை."

அவ மேலே ஒன்றும் கேட்கமாட்டா. வீட்டுக்குப் போகும் வழியில் கடலையும் பார்க்கமாட்டா. நான் பின்னால் நடப்பேன். நீங்கள் வேலியோரத்தில் மாபிள் அடித்துக்கொண்டிருப்பீர்கள். என்னைக் கண்டதும் விளையாட்டை நிற்பாட்டுவீர்கள். துக்கவீட்டுப் பிள்ளை என்று பாவம் பார்த்தீர்களாக்கும்.

மூன்றாம் கிழமையில் சுவாமியாரும் கோயில் மூப்பரும் வீட்டுக்கு வந்தார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் முப்பத்தோராம் நாள் ஆன்மாவுக்குப் பூசை வைப்பது நல்லது என்று மூப்பர் தொடங்கினார்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆத்துமப் பூசையே? அது பாவம், மூப்பர்" என்றா அம்மா.

"நம்பிக்கை வேணும்தான் பிள்ளை" என்றார் சுவாமியார். "கஷ்ட காலத்திலை ஆண்டவரிலை பாரத்தைப் போடவேணும். அதுக்காக நடந்ததை ஏற்கேலாது எண்டு நிக்கக்கூடாது."

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அம்மா அவருடைய காதுக்கு எட்டும்படி உரக்கக் கேட்டா. "சுவாமி, ஒராள் ஒரு பாவத்தை மறைச்சு வைச்சிருக்கு. அது வாயைத் திறந்து சொன்னாக் கடவுள் மனமிரங்குவாரே?"

"மனஸ்தாபத்தோடை சொன்னா ஏன் இரங்கமாட்டார்? அதுக்காகத்தானே காத்துக்கொண்டிருக்கிறார்."

"அப்ப, நாங்கள் கேட்டுச் சொல்லுவிச்சா?"

"ஆ?"

"நாங்கள் பிடிச்சு வைச்சுக் கேட்டுச் சொல்லுவிச்சாச் செல்லுமோ?"

"செல்லாது. கேட்டு வாங்கினது பாவசங்கீர்த்தனம் இல்லைப் பிள்ளை, அது பொலிஸ் விசாரணை. தானா வரவேணும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். மூப்பரும் சிரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமாவைப் பற்றித்தான் கேட்கிறா என்று நான் நினைத்தேன். காய்ச்சல் என்று படுத்தவருக்கு உண்மையில் காய்ச்சல் இல்லை, கள்ளுத்தான் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. பாவம் மாமா, தானே சொல்லவேண்டும் என்று எண்ணினேன். ஒன்பது வயது ஆள், சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமாவுக்காக மனம் வருந்தினேன்.

உத்தரிய மாதா திருநாள் வந்தது. அது அப்பா போன முப்பதாம் நாள். முதல்நன்மைச் சட்டையையே பத்துப் பேரும் திரும்பப் போடவேண்டும். அம்மா சட்டைக்கு இஸ்திரிப்பெட்டி போட்டுத் தந்து, "சப்பாத்தை எடுத்துப் போடு" என்றா. நான் அலுமாரிக்குக் கீழே இருந்து பெட்டியை இழுத்தேன். சப்பாத்துகள் இருந்தன. அடியில் ஒன்றும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன தேடுறாய்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையே?"

"இல்லை அம்மா."

கோயிலுக்கு நடந்த தூரம் எனக்கு நினைவில்லை. பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் முழங்காலிட்டோம். என் வலப்பக்கம் ரொறன்ரோக்காரி, இடப்பக்கம் பாரிஸ்காரர். சுவாமியார் ஒரு தட்டில் புது உத்தரியங்களோடு ஒவ்வொருவரிடமாக வந்தார். எனக்கு முன்னால் வந்து கையை உயர்த்தியபோது, பெண்கள் பக்கத்தில் இருந்து அம்மா எழும்பி வந்தா. நன்மை எடுக்க அல்லாமல் பூசை நேரத்தில் ஒரு பெண் கிராதிக்கு வருவதை நாங்கள் கண்டதில்லை. முட்டாக்குக்குள் இருந்து கையை எடுத்தா. அப்பாவின் உத்தரியம் அதில் தொங்கியது.

"சுவாமி, என்ரை பிள்ளைக்குப் புதுசு வேண்டாம். இதைப் போட்டுவிடுங்கோ. இது தகப்பன்ரை."

சுவாமியாருடைய கண்கள் கலங்கின. அதை வாங்கி முத்தமிட்டு என் தலைவழியே போட்டார். ஒரு பெரிய மனிதனின் அளவு அது. துண்டு என் இடுப்புக்குக் கீழே வந்து விழுந்தது. பிறகு பிரசங்கத்தில் அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு நல்ல நினைவு இருக்கும், அதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள். கணவன் வீட்டில் விட்டுப்போன பழைய உத்தரியத்தைப் பிள்ளையின் கழுத்தில் போட்டு, தன் துக்கம் முழுவதையும் தேவனிடம் ஒப்புக்கொடுத்த தாய். இதுதான் விசுவாசம் என்றார். பெண்கள் விம்மினார்கள். அப்பாவுக்கு இருந்தது ஒரேயொரு உத்தரியம்தான் என்று தெரிந்தவர் அந்தக் கோயிலில் இன்னொருவர் இருந்தார். ஆம்பிளைகள் பக்கத்தில் மாமா அந்தப் பச்சை நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூசை முடிய முன்னமே எழும்பி வெளியே போனார். அடுத்த மாதம் மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போனவர், பிறகு எங்கள் படலையைத் திறக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா கதிரையில் இருந்தா. நான் நின்றேன். உத்தரியத்தைக் கழற்றப் போனேன். "கிடக்கட்டும்" என்றா.

"எப்ப கண்டனீங்கள்?"

"அந்த வெள்ளிக்கிழமை. மெழுகுதிரி எடுக்கேக்கை."

கிழிந்த வலையைப் பொத்துகிற அம்மாவின் கை போட்ட முடிச்சை நான் பல்லால் கடித்து அவிழ்த்தது அப்போதுதான் என் தலையில் உறைத்தது.

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டாச் செல்லாது." அம்மாவின் குரல் சாதாரணமாக இருந்தது, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல. "முதலும் எனக்கு அது தெரியும். சுவாமியும் அதைத்தான் சொன்னவர். நீயாச் சொல்லுற அண்டைக்கு அவர் கரைக்கு வருவார் எண்டு கடவுளை நம்பி இருந்தனான். ஒரு நாளில்லை, ரெண்டு நாளில்லை. அந்த மனிசனைக் கடவுள் உனக்காகத் தண்ணியிலை தாங்கிக்கொண்டு நிண்டவர். கிராதி வரைக்கும் பொறுத்தனான். இண்டைக்குக் காலமையும் உன்னைக் கேட்டனான், என்ன தேடுறாய் எண்டு. நீ ஒண்டுமில்லை எண்டனி."

பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்து கறுப்புச் சேலையை எடுத்தா. பின்னேரம் துக்க மணி அடித்தது. அந்த முப்பது நாளில் அம்மா அழுதது அன்றுதான். ஓங்கி, வாய்விட்டு, கரைப் பெண்களெல்லாம் வந்து தாங்கிப் பிடிக்க அழுதா. நான் மூலையில் அந்தப் பெரிய உத்தரியத்தோடு நின்றேன். என்னை ஒருவரும் தொடவில்லை.

இப்போது அறுபதைத் தாண்டிய நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சோளகக் கடலில் கவிழ்ந்தவர் அந்தச் செவ்வாய்க்கிழமை பொழுது படமுன்னமே போயிருப்பார். உத்தரியம் கழுத்தில் இருந்திருந்தாலும் போயிருப்பார். எனக்கு இது தெரியும். அம்மாவுக்கு இதை யாரும் சொல்லியிருக்க ஏலாது. அவ கடவுளை ஒரு நாளும் நொந்துகொள்ளவில்லை. இடப்பெயர்வில் வீடு போனது, என் மனிசன் நோய் வருத்தத்தில் போனார். ஒவ்வொன்றுக்கும் அம்மா சிலுவை போட்டு, அவருடைய சித்தம் என்றா. கடவுளுக்கு அம்மாவிடம் அவ்வளவு மன்னிப்புக் கிடைத்தது. எனக்கு அதில் ஒரு துளிகூட மிச்சம் வரவில்லை. அது எனக்கு ஆத்திரம். இந்த வயதிலும் ஆத்திரம்தான்.

கடைசிவரை அம்மா என்னோடுதான் இருந்தா. படுக்கையில் விழுந்தபோது அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நோயில்பூசுதல் கொடுக்க ஒரு இளம் சுவாமி மோட்டார்சைக்கிளில் வந்தார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அம்மாவின் பாவசங்கீர்த்தனம் கேட்டார். வெளியே வந்து, "அம்மா உங்களைக் கூப்பிடுறா" என்றார்.

போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தா. கோயில் வாசலில் சனிக்கிழமைகளில் பார்த்த அதே பார்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐம்பது வருடமாக அந்தச் சொல் என் வாயால் வரவே இல்லை. நான் எடுத்தேன், நான் பொய் சொன்னேன் என்று நான் அம்மாவுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அவவாகவே வெளியே எடுத்துப் போட்டுவிட்டா, நான் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அவ காத்திருப்பதை நிற்பாட்டவே இல்லை. இப்போதும் கேட்கமாட்டா. கேட்டால் செல்லாது.

அந்த நேரம் சொல்லியிருந்தால் அது செல்லியிருக்கும். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நெருக்கவில்லை. வாய்வரை வந்தது. கோப்பையில் மூடி வைத்த சோறும் நினைவுக்கு வந்தது.

"என்னம்மா வேணும்?" என்றேன்.

அவ இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினா.

"ஒண்டுமில்லை. தண்ணி தா."

கொடுத்தேன். விடிய அம்மா இல்லை.

இவ்வளவுதான் என் சாட்சியம். உங்கள் ஒருவருக்கும் தெரியாததை எழுதிவிட்டேன். மனம் லேசாகிவிட்டதா என்று ரொறன்ரோக்காரி கட்டாயம் கேட்பாள். இல்லையடி. நீ நாலு தரம் கேட்டபிறகுதான் எழுதினேன். ஆகையால் இதுவும் செல்லாது.